கூரையில்லா மடாலயங்கள்: அயர்லாந்தின் நாட்டுப்புறத்தில் முதன்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

அயர்லாந்தின் கிராமச் சாலைகளில் போகும் யாருக்கும், வயல் நடுவே கூரையின்றி நிற்கும் கல் தேவாலயம் ஒன்றாவது கண்ணில் பட்டே தீரும். இறங்கிப் பார்க்கிறவர்களில் பலர் கோபுரத்தைப் படம் எடுப்பார்கள், தகவல் பலகையைப் பாதி வாசிப்பார்கள், கால் மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். அவ்வளவு சீக்கிரம் விட்டுவிட்டு வரக்கூடிய இடங்கள் அல்ல இவை. இடைக்கால மடங்களில் பெரும்பாலானவை ஏறக்குறைய ஒரே அமைப்பில் கட்டப்பட்டவை. அந்த ஒழுங்கு பிடிபட்டுவிட்டால், முழங்கால் உயரத்துக்கு மட்டும் எஞ்சிய சுவர்கூட இது சமையல்கட்டு, இது துறவிகள் படுத்த இடம் என்று காட்டிக்கொடுக்கும். எங்கே தொடங்குவது, எப்படிப் போய்ச் சேர்வது, உள்ளே நுழைந்ததும் எந்த வரிசையில் பார்ப்பது என்பதைக் கீழே பார்க்கலாம்.

எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மூன்று வகைகளைப் பிரித்தறிந்தால் போதும். முதல் வகை, 6-ஆம் நூற்றாண்டு முதல் 12-ஆம் நூற்றாண்டு வரை செழித்த பழைய ஐரிஷ் மடங்கள். புனித கெவின் தொடங்கிய க்ளென்டலாக், ஷானன் ஆற்றங்கரையில் புனித கியரான் தொடங்கிய க்ளான்மக்னாய்ஸ், லௌத் கவுண்டியின் மொனாஸ்டர்பாய்ஸ் எல்லாம் இவ்வகை. இங்கே ஒரே பெரிய கட்டடம் இருக்காது. சிறு சிறு தேவாலயங்கள் சிதறிக் கிடக்கும். வட்டக் கோபுரம் ஒன்று நிற்கும். சிற்பங்கள் நிறைந்த உயரமான கற்சிலுவைகள் இருக்கும். வட்டக் கோபுரத்தின் வாசல் தரையிலிருந்து ஆளுயரத்துக்கும் மேலே இருக்கும். க்ளென்டலாக் கோபுரம் சுமார் 30 மீட்டர் உயரம். அதன் வாசல் தரையிலிருந்து சுமார் மூன்றரை மீட்டர்.

இரண்டாவது வகை அபே. 1142-இல் பேராயர் மலாக்கியின் முயற்சியால் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையினர் மெல்லிஃபான்ட்டில் குடியேறினார்கள். அயர்லாந்தில் அவர்களுடைய முதல் மடம் அதுதான். சிஸ்டர்சியன்கள் ஊரைவிட்டு விலகி, ஆற்றோரமாக, நிறைய நிலபுலத்தோடு வாழ்ந்தவர்கள். இதே காலத்தில் அகுஸ்தினார் சபையின் மடங்களும் பெருகின. அவற்றில் சில ப்ரையரி என்ற பெயரில் இருக்கும்.

மூன்றாவது வகை ஃப்ரையரி. யாசித்தும் போதித்தும் வாழ்ந்த துறவிகளின் மடம் இது. தொமினிக்கன் சபையினர் 1224-இல் வந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் பிரான்சிஸ்கன் சபையினரும் வந்துவிட்டார்கள். முதலில் நகரங்களை ஒட்டிக் கட்டினார்கள். 15-ஆம் நூற்றாண்டில் மேற்கு அயர்லாந்தின் குறுநிலத் தலைவர்கள் நாட்டுப்புறத்தில் இவர்களுக்கு மடங்களை எழுப்பிக் கொடுத்தார்கள்.

இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொண்டு பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். உள்ளூரில் எல்லாமே அபேதான். மக்ராஸ் அபே, ஸ்லைகோ அபே, குவின் அபே என்று அழைக்கப்படும் மூன்றும் ஃப்ரையரிகள்.

1530-களின் பிற்பகுதியில் இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது கூரை ஈயம், மரம், மணி எல்லாம் பிடுங்கி விற்கப்பட்டன. ஆனால் அவனுடைய ஆணை செல்லாத மேற்குப் பகுதிகளில் துறவிகள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து இருந்தார்கள். விரட்டப்பட்டாலும் திரும்பி வந்தார்கள். மேயோ, கால்வே, க்ளேர் கவுண்டிகளின் ஃப்ரையரிகள் இன்றும் கூரை விளிம்புவரை முழுச் சுவரோடு நிற்பதற்கு அது ஒரு காரணம். கல்லைப் பெயர்த்துக்கொண்டு போகப் பக்கத்தில் பெரிய ஊர் இல்லாதது இன்னொரு காரணம்.

முதல் இடத்தைத் தேர்ந்தெடுப்பது

வரலாற்றில் முதலாவது என்பதற்காக மெல்லிஃபான்ட்டில் தொடங்க வேண்டாம். அங்கே பெரும்பகுதி அடித்தளக் கோடுகள் மட்டுமே. பழகாத கண்ணுக்கு அது வெறும் புல்வெளியும் கல்வரிசையுமாகத் தெரியும். சுவர் உயரமாக நிற்கும் இடத்தில் தொடங்குங்கள்.

எங்கள் பரிந்துரை இரண்டு. அபேக்கு, கில்கென்னி கவுண்டியில் ஜெர்பாயின்ட். 12-ஆம் நூற்றாண்டின் சிஸ்டர்சியன் மடம். தேவாலயம், முற்றம், சிற்பத் தூண்கள் எல்லாம் இருக்கின்றன. உள்ளே வழிகாட்டிகளும் உண்டு. ஃப்ரையரிக்கு, கால்வே கவுண்டியில் ஹெட்ஃபோர்ட் ஊரை அடுத்த ராஸ் எரிலி. ஆளில்லாத, கட்டணமில்லாத இடம். ஐரிஷ் பிரான்சிஸ்கன் மடம் ஒன்று எப்படி இயங்கியது என்பதை இதைவிட முழுமையாகக் காட்டும் இடம் கிடைப்பது கடினம்.

கார் இல்லாதவர்கள் ரயில் நிலையம் உள்ள ஊர்களைப் பார்க்கலாம். டப்ளின்–ஸ்லைகோ தடத்தில் பாய்ல் அபேயும், கடைசி நிலையத்தில் ஸ்லைகோ ஃப்ரையரியும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. எனிஸ், ஆதன்ரை ஊர்களில் மடங்கள் ஊருக்குள்ளேயே உள்ளன. கில்லார்னியிலிருந்து மக்ராஸுக்கு வாடகை சைக்கிள் போதும். ஜெர்பாயின்ட், தாமஸ்டவுன் நிலையத்திலிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டர். சாலையோரம் நடப்பதால் பளிச்சென்ற மேலாடை அணிந்துகொள்ளுங்கள். க்ளான்மக்னாய்ஸுக்குப் பொதுப் போக்குவரத்தை நம்பி இறங்காதீர்கள்.

ஒரே மாதிரிப் பெயர்கள் புதியவர்களை அலைக்கழிக்கும். மீத் கவுண்டியிலும் ஒரு கெல்ஸ் உண்டு, கில்கென்னி கவுண்டியிலும் ஒன்று உண்டு. கோபுரங்களும் மதிலும் சூழ்ந்து கோட்டை போலத் தெரியும் கெல்ஸ் ப்ரையரி இருப்பது கில்கென்னியில். ராசெர்க் மேயோவில் இருக்கிறது. ராஸ் எரிலி கால்வேயில். டின்டர்ன் அபே வேல்ஸிலும் இருக்கிறது, வெக்ஸ்ஃபோர்டிலும் இருக்கிறது. தேடும்போது கவுண்டி பெயரையும் சேர்த்தே தட்டுங்கள்.

புறப்படுமுன்

தேசிய நினைவுச்சின்னத் துறையின் இணைய வரைபடம் இலவசம். அதைத் திறந்து இடத்தைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு சின்னமும் புள்ளியாகத் தெரியும். சொடுக்கினால் பதிவு எண், சிற்றூர்ப் பெயர், பல இடங்களுக்குச் சிறு விவரக் குறிப்பும் வரும். பிறகு 1:50,000 அளவுள்ள அரசு வரைபடத்தில் அதே இடத்தைப் பாருங்கள். தொல்லியல் இடங்கள் அதில் சிவப்பில் இருக்கும். சாலையிலிருந்து பாதை எந்தப் பக்கமாக வருகிறது என்பதைக் குறித்துவைப்பதுதான் இங்கே முக்கியம். கைப்பேசியின் வழிகாட்டி கட்டடத்துக்கு நேர்கோட்டில் மிக அருகிலுள்ள சாலையில் நிறுத்திவிடும். அது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய பண்ணை முற்றமாகவோ, நடுவில் ஓடை ஓடும் வயலின் பின்புறமாகவோ இருக்கும். வரைபடத்தைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கடலோரத்தில் சிக்னல் அடிக்கடி போகும்.

பொதுப்பணித் துறை ஆள் வைத்து நடத்தும் இடங்களில் பல குளிர்காலத்தில் மூடியிருக்கும். திறந்திருக்கும் மாதங்களிலும் கடைசி அனுமதி மூடும் நேரத்துக்கு 45 நிமிடமோ ஒரு மணி நேரமோ முன்பே முடிந்துவிடும். ஆளில்லாத இடங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆகவே ஒரு நாளில் இரண்டு வகையும் இருந்தால், ஆளுள்ள இடத்தை முற்பகலில் முடித்துவிட்டு, திறந்தவெளி இடத்தை மாலைக்கு வையுங்கள். கட்டண இடங்கள் பலவற்றுக்குப் போகப்போகிறீர்கள் என்றால், ஓராண்டுக்குச் செல்லும் ஹெரிடேஜ் கார்டு வாங்குவது லாபம்.

பெரிய மடம் ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், சிறியதற்கு முக்கால் மணி. பழகும்வரை ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். நான்காவதில் கண் எதையும் வாங்காது. ஜூனில் மேற்குப் பகுதியில் இரவு 10 மணிவரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் 4:30-க்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். நல்ல மாதங்கள் ஏப்ரலும் மே மாதத்தின் முன்பாதியும். ஜூலையில் செந்தட்டி இடுப்பளவு வளர்ந்து தாழ்வான சுவர்களை மறைத்துவிடும்.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. தண்ணீர் புகாத பூட்ஸ், முழுக்கால் சட்டை (செந்தட்டிக்கும் உண்ணிக்கும்), மழை ஜாக்கெட், மாற்றுக் காலுறை. பிறகு ஒரு நல்ல டார்ச், 8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர், மடத்தின் தரைவரைபடத்தின் அச்சுப்பிரதி. பலர் விட்டுவிடுவது இந்த அச்சுப்பிரதியைத்தான். கையில் அது இருந்தால் பார்வையின் தரமே மாறிவிடும்.

வண்டி, வாயில், மாடு

எல் என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணுள்ள கிராமச் சாலைகளில் 2025 பிப்ரவரி முதல் பொது வேக வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர். நடுவில் புல் முளைத்த ஒற்றைத் தடச் சாலையில் அந்த வேகமும் அதிகம். எதிரே டிராக்டர் வந்தால், அகலமான இடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்வாங்குவது வழக்கம். வயல் வாயிலை மறித்து மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள், ஐந்து நிமிடத்துக்கு என்றாலும். பால் வண்டியோ அறுவடை இயந்திரமோ அந்த வழியாகத்தான் வர வேண்டியிருக்கும்.

பல இடிபாடுகளுக்குத் தனியார் வயலைக் கடந்துதான் போக வேண்டும். மூடியிருந்த வாயிலை மூடிவிடுங்கள்; திறந்திருந்ததைத் திறந்தபடியே விடுங்கள். மாடுகள் தண்ணீருக்குப் போக விவசாயி வேண்டுமென்றே திறந்து வைத்திருக்கலாம். வாயிலில் ஏற வேண்டி வந்தால் கீல் இருக்கும் பக்கமாக ஏறுங்கள். மெல்லிய வெள்ளைக் கயிறோ கம்பியோ தெரிந்தால் அது மின்வேலி. கன்றோடு நிற்கும் பசுக்களைச் சுற்றிக்கொண்டு போங்கள், கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் புகாதீர்கள். நாயை அழைத்துப்போகாமல் இருப்பதே நல்லது. வயலில் விவசாயி நின்றால் கையசைத்து, அபேயைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதத்தோடு, எந்தப் பக்கம் சேறு குறைவு என்ற தகவலும் கிடைக்கும்.

உள்ளே நுழைந்ததும்

எதையும் படம் எடுக்குமுன் கிழக்கைக் கண்டுபிடியுங்கள். தேவாலயம் கிழக்கு மேற்காக நீண்டிருக்கும். குறுகிய முனைச் சுவர் ஒன்றில் எல்லாவற்றையும்விடப் பெரிய ஜன்னல் இருந்தால் அது கிழக்கு. அதன் கீழேதான் பலிபீடம் இருந்தது. கைப்பேசித் திசைகாட்டி சில பாகை விலகிக் காட்டினால் பரவாயில்லை. தரைவரைபடத்தை அதே திசைக்குத் திருப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மேற்கு வாசலுக்குப் போய் அங்கிருந்து கிழக்கே நடங்கள். முதலில் வருவது நடுக்கூடம். பிறகு ஒரு தடுப்போ கோபுரத்தின் அடியோ வரும். அதற்கப்பால் துறவிகள் நின்று செபித்த பாடற்பகுதி. ஃப்ரையரி என்றால் இங்கே ஒரு அடையாளம் அநேகமாகக் கிடைக்கும்: தேவாலயத்தின் குறுக்கே இரண்டு சுவர்கள் எழுப்பி, அவற்றின்மேல் ஒல்லியான உயர்ந்த கோபுரம் நிற்கும், அதனடியில் குறுகிய வழி. பெரும்பாலும் அந்தக் கோபுரம் தேவாலயம் கட்டிய பிறகு சேர்க்கப்பட்டது. கோபுரச் சுவர் பக்கச் சுவரைத் தொடும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை நேர்கோடாக ஓர் இணைப்பு தெரிகிறதா பாருங்கள். கற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால் ஒரே காலத்து வேலை. நேர்கோடாகப் பிரிந்திருந்தால் பிற்சேர்க்கை. இந்த ஒரு சோதனையைப் பழகிவிட்டால் எந்தக் கட்டடத்தின் வயதையும் படிப்படியாகப் பிரித்துவிடலாம்.

பாடற்பகுதியின் தெற்குச் சுவரில், பீடத்துக்குப் பக்கத்தில், சிறு மாடம் ஒன்று இருக்கும். அடியில் வடிகால் துளையோடு குழிந்த கல். பூசைப் பாத்திரம் கழுவிய இடம் அது. அதை அடுத்து இரண்டு மூன்று வளைவுகளுக்குக் கீழே குருக்கள் அமர்ந்த கல்லிருக்கைகள். வடக்குச் சுவரில் அலங்காரமான வளைவுக்குக் கீழே கல்லறை இருந்தால், மடத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தச் சுவர்களுக்குப் பக்கத்தில் நிதானமாக நில்லுங்கள். மேயோவின் ராசெர்க் ஃப்ரையரியில், அந்தக் கழுவு மாடத்தின் தூண் ஒன்றில் ஒரு சிறிய வட்டக் கோபுரம் செதுக்கப்பட்டிருக்கிறது. விரல் நீளத்தில் ஒரு முழுக் கோபுரம், கூம்புத் தொப்பியோடு. வேகமாக நடப்பவர் அதைத் தவறவிட்டுவிடுவார். டார்ச்சை நேராக அடித்தால் செதுக்கல் தட்டையாகிவிடும். சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். தேய்ந்துபோன முகங்கள்கூட எழும்பி வரும்.

தேவாலயம் முடிந்ததும் முற்றத்துக்குப் போகும் வாசலைத் தேடுங்கள். நடுவே திறந்த முற்றம், அதைச் சுற்றி நான்கு பக்கமும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள். மடத்தின் அன்றாட வாழ்க்கை முழுக்க இங்கேதான் நடந்தது. சிஸ்டர்சியன்கள் முற்றத்தைத் தெற்கில் வைப்பார்கள். தேவாலயத்தின் நிழல் விழாமல் வெயில் கிடைக்கும். ஃப்ரையரிகளில் பெரும்பாலும் வடக்கில் இருக்கும். காஷெல் பாறைக்குக் கீழே உள்ள ஹோர் அபே (1272) சிஸ்டர்சியனாக இருந்தும் முற்றம் வடக்கில் அமைந்த விதிவிலக்கு. முற்றம் அழிந்துபோன இடங்களில், தேவாலயத்தின் வெளிச்சுவரைப் பாருங்கள். ஒரே உயரத்தில் வரிசையாகத் துருத்தும் தாங்குகற்கள் இருந்தால், தாழ்வாரக் கூரை சாய்ந்திருந்த இடம் அதுதான்.

முற்றத்தின் கிழக்கு வரிசையில், தேவாலயத்தை ஒட்டி முதலில் பூசைச் சாமான் அறை. அடுத்தது துறவிகள் நாள்தோறும் கூடிய சாப்டர் அறை. நடுவில் வாசல், இருபுறமும் ஜன்னல் என்று மூன்று திறப்புகள் சேர்ந்து வந்தால் அதை அடையாளம் கண்டுகொள்ளலாம். இவற்றின் மேல்தளம் முழுவதும் படுக்கைக் கூடம். நள்ளிரவுச் செபத்துக்கு நேராகத் தேவாலயத்துக்குள் இறங்க ஒரு படிக்கட்டு இருந்திருக்கும். இப்போது படி போயிருந்தாலும், சுவரில் உயரத்தில் அந்தரத்தில் நிற்கும் ஒரு வாசல் அதன் தடயம். படுக்கை வரிசையின் கடைசியில், ஓடையோ வடிகாலோ அடியில் ஓடும்படி கழிப்பறை. தேவாலயத்துக்கு நேரெதிர் வரிசையில் உணவுக்கூடம். அதன் சுவரில், ஆழமான ஜன்னல் ஒன்றுக்குள் மேடை இருந்தால், மற்றவர்கள் மௌனமாகச் சாப்பிடும்போது ஒருவர் வேதநூல் வாசித்த இடம் அது. மேற்கு வரிசை சிஸ்டர்சியன் மடங்களில் வயல்வேலை பார்த்த உழைப்புச் சகோதரர்களுடையது. மற்ற இடங்களில் பண்டசாலை.

ஐரிஷ் ஃப்ரையரிகளுக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. தாழ்வாரத்தைத் தனிச் சாய்ப்பாக விடாமல், அதன் மேலேயே மாடி அறைகளைக் கட்டினார்கள். அதனால் முற்றம் சிறுத்து, இருண்டு, கிணற்றுக்குள் நிற்பது போலத் தோன்றும். ராஸ் எரிலியில் இதை நன்றாகப் பார்க்கலாம். அங்கே தூண் வரிசை இல்லாத இரண்டாவது முற்றமும் உண்டு. அதன் மூலையில் சமையல்கட்டு: பெரிய அடுப்பு, ரொட்டி சுடும் சூளை, உயிர்மீன் போட்டு வைத்த கல்தொட்டி. அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டு உணவுக்கூடம்வரை நடந்து பாருங்கள். கட்டடத்தின் தர்க்கம் காலுக்குப் புரியும்.

இப்போது மேலே பாருங்கள். கோபுரச் சுவரில் தலைகீழான ‘V’ வடிவில் ஒரு விளிம்பு ஓடினால் பழைய கூரை முட்டிய தடம். ஒரே மட்டத்தில் நெருக்கமாக வரும் சதுரக் குழிகள் மாடித்தளத்தின் உத்தரங்களுக்கானவை. சுவர் முழுக்க, வரிசைக்கு வரிசை இடைவெளி விட்டு வரும் சிறு துளைகள், கொத்தனார்கள் சாரம் கட்டிய குழிகள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் இல்லாத மாடிகளை எல்லாம் எண்ணத் தொடங்கிவிடுவீர்கள். கோபுரத்தின் அடியிலோ தாழ்வாரத்திலோ கல் வளைவுக் கூரை எஞ்சியிருந்தால் அதன் அடிப்பக்கத்துக்கு டார்ச் அடியுங்கள். சுண்ணாம்புச் சாந்தில் பின்னிய குச்சிகளின் அச்சு தெரியும். மெல்லிய கொம்புகளைப் பாய் போல முடைந்து, அதை வளைத்து நிறுத்தி, மேலே சாந்தும் கல்லும் போட்டார்கள். காய்ந்ததும் அடிப்பின்னல் போய்விட்டது, பதிவு மட்டும் தங்கிவிட்டது. 15, 16-ஆம் நூற்றாண்டு ஐரிஷ் வேலையின் நம்பகமான அடையாளம் இது. முடைந்தவரின் கைவேலையை அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் குச்சி குச்சியாக எண்ண முடிகிற இடம் வேறு எங்கே கிடைக்கும்!

காலத்தைக் கணிப்பது

மிகப் பழைய சிறு தேவாலயங்களில் வாசல் மேலே போகப்போகக் குறுகும். தலைக்கு வளைவில்லாமல் ஒரே நீளக்கல் கிடக்கும். 12-ஆம் நூற்றாண்டில் அரைவட்ட ஆர்ச் வந்தது. 13-இல் ஒடுங்கிய, உயர்ந்த, கூர்முனை ஜன்னல்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து வரும். 1348-இல் கொள்ளைநோய் வந்தபின் கட்டட வேலை நெடுங்காலம் தளர்ந்தது. 15-ஆம் நூற்றாண்டில் மறுபடி எழுந்தபோது, உள்ளூர்ச் சாம்பல்நிறச் சுண்ணாம்புக்கல், ஜன்னலுக்குள் வளைந்து பின்னும் கல்சட்டங்கள், உச்சியில் படிப்படியாக ஏறும் கைப்பிடிச்சுவர் எல்லாம் வந்தன.

இதைப் பழக மிகச் சிறந்த இடம் ராஸ்காமன் கவுண்டியின் பாய்ல் அபே. நடுக்கூடத்தில் நின்றால் தெற்குப் பக்க வளைவுகள் அரைவட்டம். எதிரே வடக்குப் பக்கம் கூர்முனை. 1161-இல் துறவிகள் வந்து குடியேறியபின் வேலை 13-ஆம் நூற்றாண்டுவரை இழுத்துக்கொண்டே போனது. கட்டி முடிப்பதற்குள் பாணியே மாறிவிட்டது. தூண்களின் தலைப்பில் இலைகளையும் மனித உருவங்களையும் விலங்குகளையும் தேடுங்கள்.

ஜெர்பாயின்ட்டில் கோபுரம் ஒரு பொறி. சிஸ்டர்சியன் சபை 1157-இலேயே கல்லால் மணிக்கோபுரம் கட்டுவதைத் தடை செய்திருந்தது. அங்கே இன்று கம்பீரமாக நிற்பது 15-ஆம் நூற்றாண்டுச் சேர்க்கை. முற்றத்தின் தூண் வரிசையும் அதே காலத்தது. அதில் வீரர்கள், பெண்கள், புனிதர்கள் எனச் செதுக்கியிருக்கிறார்கள். எல்லாத் தூண்களையும் சுற்றி வந்து பாருங்கள். எளிமையை வற்புறுத்திய சபையின் முற்றத்தில் இத்தனை உருவங்கள் வந்ததே அந்தக் காலம் எவ்வளவு தளர்ந்திருந்தது என்பதற்குச் சான்று.

இரண்டு விஷயங்கள் கணிப்பைக் கெடுக்கும். ஒன்று, 19, 20-ஆம் நூற்றாண்டுப் பராமரிப்பு. சுவர் உச்சியில் சாம்பல்நிறச் சிமென்ட், புதுக்கல்லோடு கோத்து நிறுத்திய தாழ்வாரத் தூண்கள் எல்லாம் பிற்கால வேலை. இன்னொன்று, மடம் கலைந்தபின் வந்த குடியிருப்பு. துறவிகளின் கூடத்தில் பெரிய செவ்வக ஜன்னலும் அகன்ற கணப்படுப்பும் இருந்தால், அங்கே 16-ஆம் நூற்றாண்டில் ஒரு நிலக்கிழார் குடும்பம் வாழ்ந்திருக்கலாம்.

கல்லறையும் ஆபத்தும் சட்டமும்

இந்த இடங்களில் பல இன்றும் அடக்கம் நடக்கும் கல்லறைத் தோட்டங்கள். நடுக்கூடத் தரையிலேயே புதிய கல்லறைகள் இருக்கும். அவற்றின் மேல் பை வைக்காதீர்கள், உட்காராதீர்கள், படம் எடுப்பதற்காகப் பூக்களை நகர்த்தாதீர்கள். இறுதிச் சடங்கு நடந்தால் வெளியே போய்க் காத்திருங்கள், அல்லது வேறொரு நாள் வாருங்கள். கோடையில் ஒரு ஞாயிறு பங்கு மக்கள் கூடிச் செபித்துக் கல்லறைகளை ஆசீர்வதிப்பார்கள். அன்று குறுகிய சாலை முழுக்கக் கார்களாக இருக்கும்.

விபத்து பெரும்பாலும் படிக்கட்டில் நடக்கும். சுழற்படி மேலே வெறும் வெளியில் முடியலாம். தேய்ந்த படியில் பாசியும் காக்கை எச்சமும் சேர்ந்தால் இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். அனுமதி தெளிவாக இல்லாத படியில் ஏறாதீர்கள். பலத்த காற்றிலும், உறைபனி உருகும் காலையிலும் சுவரடியில் நிற்காதீர்கள். கல் பெயர்வது அப்போதுதான். உயர்ந்த புல்லுக்குள் உடைந்த கல்லறை மூடிகள் இருக்கும், கால் வைக்குமுன் பாருங்கள். மாலையில் உடலில் உண்ணி இருக்கிறதா என்று சோதியுங்கள். அவசரத்துக்கு 112 அல்லது 999.

மெட்டல் டிடெக்டரை அனுமதியின்றித் தொல்லியல் இடத்துக்குக் கொண்டுபோவது குற்றம். சிற்பத்தில் சாக்பீஸ் பூசுவது, காகிதம் வைத்துத் தேய்த்துப் பிரதி எடுப்பது, கல்லிடுக்கில் நாணயம் செருகுவது எல்லாமே கல்லை அரிக்கும். செதுக்கிய கல் ஒன்று விழுந்து கிடந்தால் எடுத்து மாடத்தில் வைக்காதீர்கள். விழுந்த இடமே அது எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்று. கிடந்தபடியே படம் எடுத்து, பதிவு எண்ணோடு நினைவுச்சின்னத் துறைக்கு அனுப்புங்கள். மண்ணில் பழம்பொருள் தென்பட்டால் தகவல் தர வேண்டிய இடம் அயர்லாந்து தேசிய அருங்காட்சியகம்.

இரண்டாவது பயணம்: பாய்ன் பள்ளத்தாக்கில் ஒரு நாள்

ஒரு முழு மடத்தைப் பார்த்துப் பழகியபின், டப்ளினிலிருந்து ஒரே நாளில் மூன்று வகையையும் பார்த்துவிடலாம். காலையில் மொனாஸ்டர்பாய்ஸ். சுமார் ஐந்தரை மீட்டர் உயரமுள்ள மியூரடாக் சிலுவையின் கிழக்குமுகத்தில் இறுதித் தீர்ப்புக் காட்சி இருக்கிறது. காலை வெயில் அதில்தான் படும். மேற்குமுகத்தின் அடியில் இரண்டு பூனைகளும், சிலுவையைச் செய்வித்த மியூரடாக்குக்காகச் செபிக்கக் கேட்கும் கல்வெட்டும் உண்டு. அந்தப் பக்கம் நிழலாக இருக்கும், டார்ச்சை எடுங்கள்.

முற்பகலில் மெல்லிஃபான்ட். தரைவரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தேவாலயத்தின் அடித்தளத்தில் மேற்கிலிருந்து கிழக்கே நடந்து, தெற்கே முற்றத்துக்கு இறங்குங்கள். உணவுக்கூடத்துக்கு முன்னால் துறவிகள் கை கழுவிய எண்கோண மண்டபத்தின் ஒரு பகுதி வளைவுகளோடு நிற்கிறது. சுமார் 1200-இல் கட்டியது. சாப்பாட்டுக்குப் பின் ஸ்லேன் குன்று. அங்கே 1512-இல் நிறுவிய பிரான்சிஸ்கன் ஃப்ரையரி. மரமில்லாத உச்சி என்பதால் காற்று பலமாக இருக்கும், ஜாக்கெட் வண்டியிலேயே கிடக்க விட்டுவிடாதீர்கள்.

மாலைக்குப் பெக்டிவ். 1147-இல் தொடங்கிய சிஸ்டர்சியன் மடம். மூடும் நேரம் இல்லை. இப்போது நிற்கும் தாழ்வாரம் 15-ஆம் நூற்றாண்டுக்குரியது. கலைப்புக்குப் பின் மாளிகையாக மாற்றியபோது திறந்த செவ்வக ஜன்னல்களும் அடுப்புகளும் துறவிகளின் சுவர்களிலேயே தெரியும். எது மடத்துடையது, எது மாளிகையுடையது என்று சுவர் சுவராகப் பிரித்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். குறைந்தது ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஆகவே ஸ்லேனிலிருந்து 4 மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.